ஆறாங்கட்டைக் கல்

உங்களில் எத்தனை பேர் இன்னும் கட்டைக் கணக்கில் தூரம் சொல்கிறீர்களோ தெரியாது. நான் சொல்கிறேன். ஆசுபத்திரி எவ்வளவு தூரம் என்று அண்ணையின் பேரன் கேட்டால் "மூன்று கட்டை" என்றுதான் என் வாயில் வரும். அவன் கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ கிலோமீற்றர் சொல்லி என்னைத் திருத்துவான். திருத்தட்டும். மைலைக் கட்டை என்று சொல்லி வளர்ந்த தலைமுறையில் மிஞ்சியிருப்பது நாம் கொஞ்சப் பேர். நமக்குள்ளாவது அப்படியே கதைப்போம்.

எங்கள் ஊருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. கோயில் நோட்டீஸில் மட்டுந்தான் அது வரும். பஸ்காரனுக்கும் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போகிறவர்களுக்கும் எங்கள் இடம் "ஆறாங்கட்டை". யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து ஆறாவது மைல் அங்கே முடிகிறது. "ஆறாங்கட்டையடியில் இறக்கம்" என்று சத்தம் போட்டால் பஸ் நிற்கும். ஆனால் நான் சொல்லப்போகிற அந்த வருடத்தில் இறங்குகிறவர் சுற்றிமுற்றிப் பார்த்தால் கட்டையைக் காணமாட்டார். ஐந்தாம் மைலுக்குக் கல் இருந்தது. ஏழாவது கல் முன்பொரு மாரிவெள்ளத்தில் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்து கிடந்தது. ஆறாவது கல் இருந்த இடத்தில் எங்கள் வீட்டு வேலி இருந்தது.

கல் எங்கே போனது என்று கேட்பீர்கள். எங்கேயும் போகவில்லை. வேலிதான் போனது.

யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றி உங்களுக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறை மழைக்கு முன் பழைய ஓலையைக் கழற்றி, பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிப் புதிய தடி ஊன்றி அடைப்போம். புதிய தடி பழைய குழியில்தான் போகவேண்டும் என்று சட்டமா? நாலு விரல் தள்ளி ஊன்றினால் யார் கேட்கப்போகிறார்கள்? பக்கத்து வளவுப் பக்கம் தள்ளினால் கோடு கச்சேரி என்று வழக்கில் போய் முடியும். றோட்டுப் பக்கம் தள்ளினால் வாயில்லாத அரசாங்கத்தின் நிலந்தானே. அப்பு, அதாவது என் தகப்பன், வருடாவருடம் ஒரு சாண் தள்ளினார். நான் பிறக்க முன்பே கல் வேலிக்கு உள்ளே வந்துவிட்டது. எனக்கு விவரம் தெரிந்த நாளில், கல்லுக்கும் வேலிக்கும் இடையில் ஒரு பாயை விரிக்கலாம். அந்த நிலத்தில் அம்மா நட்ட கறுத்தக்கொழும்பான் மாங்கன்று ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது.

அது நல்ல கருங்கல். நம் மண்ணில் தோண்டினால் சுண்ணாம்புக்கல்தான் வரும். கருங்கல் வெளியிலிருந்து வரவேண்டும். தலைப்பக்கம் வளைவாகச் செதுக்கி, முகத்தில் 6 என்று ஆழமாக வெட்டியிருந்தார்கள். அதில் எங்கள் ஆட்டைக் கட்டுவோம். வெயில் விழுகிற பக்கத்தில் அம்மா வறட்டி தட்டுவாள். கருங்கல்லில் தட்டிய வறட்டி சீக்கிரம் காயும் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. வறட்டியை உரித்த பிறகு அந்த எண் சாணி நிறைந்து நிற்கும். நான் ஈர்க்கில் ஒன்றை எடுத்து அதைக் கிண்டிச் சுத்தமாக்குவேன். விரலை உள்ளே விட்டு மேலிருந்து கீழே வந்து ஒரு சுழி சுழிப்பேன். ஏடு தொடக்க முன்பே எனக்கு ஆறு எழுதத் தெரியும். மற்றப் பிள்ளைகள் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள், நான் ஆறிலிருந்து தொடங்கினேன்.

ஊருக்கு இது தெரியாதா? தெரியும். பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எங்களுக்கு எதிர்வளவில் இருந்த குஞ்சியப்பு, அதாவது அப்புவின் தம்பி, தன்னுடைய வேலியால் வாய்க்காலில் பாதியை விழுங்கியிருந்தார். கோயில் மணியகாரரின் வேலி பஸ் நிற்கிற இடத்தை நெருக்கிக்கொண்டு வந்தது. ஒருவர் இன்னொருவரின் வேலியைப் பற்றிக் கதைத்தால் மறுநாள் அவருடைய வேலியைப் பற்றிக் கதை வரும். ஆகவே எங்கள் ஊரில் கல்யாணம், சாவு, கள்ளக்காதல் எல்லாவற்றையும் பற்றிக் கதைத்தார்கள், வேலியைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் வேலிப் படலையில் நின்று தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். "இது எத்தினையாங்கட்டை?" என்று கேட்பார்கள். அப்பு வேலிக்கு உள்ளே, அந்தக் கல்லிலேயே குந்தி இருந்துகொண்டு, "ஆறு" என்று பதில் சொல்லுவார். அவர் அதில் ஒரு வெட்கமும் பட்டதாக எனக்கு நினைவில்லை.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

ஐந்தாம் மைல்கல்லுக்கு நேரே ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. ஓட்டுக்கூரை, மணிக்கூண்டு எல்லாம் உண்டு. ஆனால் ஒரு கட்டை தூரம் றோட்டால் பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப எங்கள் பக்கத்தில் யாரும் ஒப்பமாட்டார்கள். அண்ணை அங்கே படித்து வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டார், என் அக்காவை அனுப்பவில்லை. அவள் எழுத்து வாசனை இல்லாமலே வளர்ந்து, கலியாணமும் முடித்தாள். அத்தான் மலாயாவுக்கு வேலைக்குப் போனார். அவருடைய கடிதம் வந்தால் அக்கா அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்க ஓர் ஆள் வரும்வரை காத்திருப்பாள். அநேகமாகக் குஞ்சியப்புதான் வாசிப்பார். அவருக்குப் பெரிய குரல். புருஷன் பெண்சாதிக்கு எழுதியதை அயலெல்லாம் கேட்கும். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பு எழும்பித் தோட்டப் பக்கம் போய்விடுவார்.

அந்தக் காலத்தில்தான் வடமராட்சியிலிருந்து ஒரு சட்டம்பியார் வந்து, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கோயில் காணியில் ஒரு கொட்டில் போட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கினார். உபாத்தியாயரைச் சட்டம்பியார் என்பதுதானே நம் வழக்கம். மணிக்குப் பதிலாகப் பூவரசில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. படலையில் நின்று பார்த்தால் கொட்டில் தெரியும் என்பதால் அம்மா என்னை விட்டாள். மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது அக்காவின் கடிதங்களை நான் வாசிக்கத் தொடங்கினேன். கிணற்றடியில், அவளுடைய காதுக்கு மட்டும் கேட்கிறமாதிரி. தெரியாத சொல் வந்தால் எழுத்துக் கூட்டுவேன், அவள் பொறுமையாக இருப்பாள். அப்போதுதான் அவள் கடிதம் கேட்டுச் சிரித்ததைக் கண்டேன்.

கொட்டில் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மூடவேண்டியதுதான். ஏற்கெனவே இருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கட்டைக்குள் புதிதாக ஒன்றுக்கு இடமில்லை என்று சட்டம்பியாருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் பயப்படவில்லை. பெரிய பள்ளிக்கூடம் ஐந்தாங்கட்டையில், நாங்கள் ஆறாங்கட்டை தாண்டி. பிறகென்ன?

புரட்டாதி மாதம் ஒரு காலை நேரம் இன்ஸ்பெக்டர் காரில் வந்தார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, தமிழர்தான். எங்களை வாசிக்கச் சொன்னார், பெருக்கச் சொன்னார். திருப்தி என்று முகத்திலேயே தெரிந்தது. பிறகு கொப்பியை மூடினார்.

"சட்டம்பியார், பிள்ளையள் நல்லாய்ப் படிக்கினம். ஆனால் தூரம் காணாது. வரேக்கை ஐஞ்சாங்கட்டைக் கல்லைக் கண்டனான். ஆறாவதைக் காணேல்லை. காணாமலே இஞ்சை வந்திட்டன். அப்ப இது ஒரு கட்டைக்குள்ளைதானே?"

"இல்லை ஐயா, ஆறாங்கட்டை தாண்டித்தான் இருக்கு. நான் காலடி வைச்சு அளந்தனான்."

"உம்மடை காலடியை நான் எப்பிடி எழுதுறது? சர்க்கார் கல்லை எழுதலாம். கல் எங்கை?"

சட்டம்பியார் பிற ஊர்க்காரர். பாவம், அவருக்கு என்ன தெரியும்? வாசலில் நின்ற பெரியவர்களைப் பார்த்தார். மணியகாரர் கூரையைப் பார்த்தார். குஞ்சியப்பு சால்வையை உதறி மறுபடி போட்டார். இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளையள், உங்கள் ஆருக்கும் தெரியுமோ, ஆறாங்கட்டைக் கல் எங்கை எண்டு?"

என் சுட்டுவிரலுக்குத் தெரியும். அந்த விரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சொன்னால் அப்பு றோட்டைக் களவெடுத்தவர். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. ஒன்பது வயதில் அது பெரிய பாரம். நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

"நான் காங்கேசன்துறைக்குப் போறன். நாளைக்குக் காலமை இந்த வழியாலைதான் திரும்பி வாறன். கல்லைக் காட்டினால் எழுதுறன். இல்லாட்டி எனக்கு வேறை வழி இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

அன்று பின்னேரம் சட்டம்பியார் வீடு வீடாகப் போனார். எங்கள் படலைக்கும் வந்தார். அப்பு வேலி அடைக்கக் கொண்டுவந்து இறக்கியிருந்த பனையோலையைச் சீராக்கிக்கொண்டிருந்தார். அந்த வருடத்துக்குரிய ஒரு சாணும் தள்ளுவதாகத்தான் உத்தேசம்.

"நீங்கள் பிறந்து வளந்த ஆள். கல்லைக் கண்டிருப்பியள்" என்றார் சட்டம்பியார்.

"நான் காணேல்லை" என்றார் அப்பு.

அப்புவின் முதுகுக்குப் பின்னால் ஆடு அந்தக் கல்லில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது. கல்லின் முகம் முழுக்க வறட்டி. சட்டம்பியார் அதைப் பார்த்தார், அவருக்கு அது ஆடு கட்டுகிற கல். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். நான் ஓடிப்போய்க் கிணற்றடியில் நின்று அழுதேன். அக்கா வந்து என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா அதிர்ந்து கதைக்கத் தெரியாதவள். அப்புவுக்கு முன்னால் நின்றுகூடக் கதைத்ததில்லை. அன்றைக்குச் சோற்றுக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்பு, உவள் தங்கச்சியும் என்னைப் போலை கடிதத்தை மடியிலை வைச்சுக்கொண்டு ஆள் பாத்து இருக்கட்டோ?"

அப்பு சோற்றில் வைத்த கையை எடுத்தார். அம்மா சமாளிக்கப் பார்த்தாள். "பேசாமல் போ பிள்ளை. மாமரம் வாற வருசம் காய்க்கப் போகுது. வேலி உடைச்சால் மரம் றோட்டுக்கு எல்லோ போகும்."

"அம்மா, என்னைப் பள்ளிக்கூடம் விடேல்லை எண்டு நான் ஒருநாளும் ஒண்டும் சொன்னனானோ? இண்டைக்குச் சொல்லுறன்."

அப்பு கை கழுவிவிட்டுப் படுத்துவிட்டார். இனி எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் படுத்தேன். அப்பு காணி வெறி பிடித்தவர் என்று ஊர் சொல்லும், நானும் அப்படியே நம்பினேன்.

விடிந்தபோது வெட்டுச் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தேன். றோட்டு தெரிந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று நான் றோட்டைக் கண்டது அதுதான் முதல் தடவை. அப்பு கோவணத்தோடு நின்று, தான் ஊன்றிய கதியால்களைத் தானே கத்தியால் தறித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். வேலியில் பாதி நிலத்தில் கிடந்தது. எதிர்வளவிலிருந்து குஞ்சியப்பு ஓடிவந்தார்.

"அண்ணை, உமக்கென்ன விசரே? உம்மடை வேலி போனால் நாளைக்கு என்ரை வேலியை எல்லோ பாப்பாங்கள்!"

"பாக்கட்டும்" என்றார் அப்பு. "நீ இனி என்ரை பிள்ளையின்ரை கடிதம் வாசிக்கத் தேவையில்லை. அங்காலை நில், தடி விழப்போகுது."

சனம் கூடிவிட்டது. அம்மா மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்புறம் அவளே போய் ஆட்டை அவிழ்த்தாள். அப்பு என்னைக் கூப்பிட்டார்.

"ஈர்க்கு எடு. தண்ணி கொண்டுவா. அதைத் துப்புரவாக்கு."

நான் எத்தனையோ தரம் விளையாட்டாகச் செய்த வேலை. இப்போது ஊர் முழுக்கப் பார்த்து நிற்கச் செய்தேன். வறட்டியை உரித்தேன். அக்கா குடத்தால் தண்ணீர் ஊற்றினாள். சாணித் தண்ணீர் ஓடி வடிய, கறுப்புக் கல்லில் அந்த ஆறு பளிச்சென்று வந்தது. மணியகாரர்கூட "ஆ!" என்றார், முன்பு காணாதவர் மாதிரி.

கார் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கிக் கல்லைச் சுற்றி வந்தார். ஈரத்தைப் பொருட்படுத்தாமல் அந்த எண்ணில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சரிந்து கிடந்த வேலியைப் பார்த்தார்.

"இது ஆரின்ரை வேலி?"

"என்ரை."

"கல் எத்தினை காலமாய் உள்ளுக்கை கிடந்தது?"

"இவள் பிறக்க முந்தியிருந்து. நான்தான் வேலியை வருசா வருசம் றோட்டுப் பக்கம் அரக்கிப் போட்டன். என்ன தண்டனை எண்டாலும் எழுதுங்கோ. பள்ளிக்கூடத்தையும் எழுதுங்கோ."

என் அப்பு ஒருவருக்கும் தலை வணங்காதவர். அன்றைக்கும் வணங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் களவைச் சொன்னார். எனக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். வேலி இன்ஸ்பெக்டர் இல்லை" என்றார். கல்லுக்கு நேரே நின்று எட்டு வைக்கத் தொடங்கினார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்க, கொஞ்சத் தூரத்தில் ஊரே சேர்ந்து எண்ணியது. கொட்டில் வாசலில் அவருடைய சப்பாத்து பட்டபோது நூற்றுப் பன்னிரண்டு. கட்டை தாண்டி நூற்றுப் பன்னிரண்டு எட்டு! சட்டம்பியார் வாசலில் நின்று வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே போய்த் தண்டவாளத்தை அடித்தார், அடித்தார், நிறுத்தவேயில்லை. ஐந்தாங்கட்டைக்கே கேட்டிருக்கும்.

அங்கீகாரம் வந்தது. அடுத்த மாரிக்குள் கொட்டில் ஓட்டுக்கூரை ஆனது. அந்த வருடத்து வேலியடைப்பில் வேறு சிலரும் சத்தமில்லாமல் பின்வாங்கினார்கள். முழுக்க அல்ல, சும்மா புளுகக்கூடாது. குஞ்சியப்பு வாய்க்காலில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அப்பு புதிய வேலியைக் கல்லுக்கு உட்பக்கமாக இரண்டு முழம் தள்ளி ஊன்றினார். முழங்கையைக் கல்லில் ஊன்றி அவரே அளந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வேலியடைக்க முன் அந்த இரண்டு முழத்தையும் அளந்துவிட்டுத்தான் முதல் குழி தோண்டுவார். சாகும்வரை அப்படித்தான். மாமரம் வெளியே றோட்டுக்குப் போனது. மறுவருடம் காய்த்துத் தள்ளியது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கல்லில் ஏறி நின்று பறிப்பார்கள், எட்டாததற்குப் பொல்லெறிவார்கள். அப்பு வேலிக்கு உள்ளே இருந்துகொண்டு ஒவ்வொரு பழம் விழும்போதும் "சனியனுகள், சனியனுகள்" என்று சொல்லுவார். ஒருநாளும் வெளியே வந்து கலைத்ததில்லை.

அவரைக் காணி வெறியர் என்று நானும் நினைத்தேன் என்றேனே. கடிதம் வாசிக்கும்போதெல்லாம் அவர் தோட்டத்துக்கு எழும்பிப் போனது கேட்கப் பிடிக்காததால் அல்ல, கேட்கத் தாங்காததால் என்று எனக்கு விளங்க அரைவாசி வயது போய்விட்டது. அக்கா அந்தக் கிணற்றடியில் என்னிடமே எழுத்துப் படித்தாள். தன் கையால் அத்தானுக்கு முதல் கடிதம் எழுதியபோது, அதை அப்புவிடம்தான் முதலில் வாசித்துக் காட்டினாள். அன்றைக்கு அவர் எழும்பிப் போகவில்லை. நான் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, தலைமை ஆசிரியையாக இருந்து இளைப்பாறினேன். அதையும் சொல்லவேண்டும்தானே.

இனி அந்தக் கல். சண்டைக்குள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இல்லை, மாமரம் இல்லை. கல் அப்படியே நின்றது. பள்ளிக்கூடத்தை மறுபடி எந்த இடத்தில் கட்டுவது என்று அதிகாரிகள் தடுமாறியபோது, அந்தக் கல்லிலிருந்து இன்ஸ்பெக்டரின் நூற்றுப் பன்னிரண்டு எட்டுத் தூரத்தை நடந்து காட்டினேன். கால் கொஞ்சம் இழுத்ததால் என் கணக்கில் நூற்று நாற்பது வந்தது. மண்ணைக் கிண்டிப் பார்த்தார்கள், பழைய அத்திவாரம் அங்கே கிடந்தது.

பிறகு றோட்டை அகலமாக்க வந்தார்கள். மஞ்சள் இயந்திரத்தோடு வந்த இளம் எஞ்சினியர், "அம்மா, இப்ப கிலோமீற்றர் கல்தான் போடுறம். இந்தப் பழசு தேவையில்லை" என்றார். ஒரு கதிரையைக் கொண்டுவரச் சொல்லி, கல்லுக்குப் பக்கத்தில் போட்டு இருந்துகொண்டு, உங்களுக்குச் சொன்ன இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் நின்றபடியே முழுக்கக் கேட்டார். இப்போது நீங்கள் அந்த வழியால் போனால் பாருங்கள். நேராக வருகிற சீமெந்து வாய்க்கால் ஆறாங்கட்டையடியில் மட்டும் ஒரு வளைவு வளைந்து, கல்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. புதிய கிலோமீற்றர் கல் அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், ஒருவரும் பார்க்காமல் நிற்கிறது.

போன கிழமை அண்ணையின் மகன் அந்த வளவுக்குச் சீமெந்து மதில் கட்டத் தொடங்கினான். எனக்குச் செய்தி வந்ததும் ஓட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். மேசன்மார் நூல் கட்டிவைத்திருந்தார்கள். ஊன்றுபொல்லை ஓரமாகச் சாய்த்துவிட்டு நிலத்தில் குந்தினேன். முழங்கையைக் கல்லில் ஊன்றினேன். ஒரு முழம். மறுபடி ஊன்றினேன். இரண்டாவது முழத்தின் முடிவில் நூலைக் காணவில்லை. விரலை இன்னும் நீட்டினேன், நூல் கொஞ்சம் அப்பால் நின்றது.

"என்ன மாமி பாக்கிறியள்?" என்றான் அவன். "அப்பப்பாவின்ரை முழம் உங்கடை முழத்தை விடப் பெரிசெல்லோ. அவரின்ரை அளவிலைதான் நூல் கட்டச் சொன்னனான்."